அப்புத்தளையிலிருந்து பெலிஹுல்ஓயாவுக்கு: நில அளவைப் படிப்பைத் தேடிய கதை

2016ஆம் ஆண்டு, நான் சாதாரணதரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, இலங்கை மலையகத்தில் அப்புத்தளைக்குக் கீழே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு நில அளவையாளர் வந்தார். லயன் அறைகளுக்குப் பதிலாகத் தனி வீடு கட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி பிரித்துக் குறிப்பதற்காக வந்திருந்தார். தூறல் போட்டதால் கருவிக்குக் குடை பிடிக்க ஆள் தேவைப்பட்டது. தேநீர் கொண்டுபோன என்னிடம் குடையைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் பிடித்தேன். நடுவில் ஒருமுறை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். எதிர் மலையில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நிரையின் ஓரத்தில் ஒரு பையன் கோலோடு நின்றான். எனக்கும் அவனுக்கும் இடையிலான தூரம் மில்லிமீட்டர் வரை திரையில் விழுந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "சேர், இதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டேன். "சர்வேயிங். கணிதம் எடுங்கள் மகளே" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அடுத்த நான்கு ஆண்டுகள் தேடினேன். அந்தச் சொல் என்னைத் தவறான வாசலுக்கும் கூட்டிக்கொண்டு போனது.

எங்கள் முன்னோர் 1820களிலிருந்து இந்த மலைகளுக்கு வரத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் நான் ஐந்தாவது தலைமுறை. எந்த மலையில் எத்தனை ஏக்கர், எந்த மலைக்கு என்ன நம்பர் என்று தோட்டத்துப் பெரியவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எந்தப் பிளானிலும் எங்கள் பெயரில் ஒரு கோடு கிடையாது. அன்று அந்த மனிதர் முளை அடித்து, இது இன்னாருடைய துண்டு என்று சொன்னபோது, பக்கத்து லயத்துப் பாட்டி அந்த முளையைத் தொட்டுக் கும்பிட்டார். அதைப் பார்த்தபின் எனக்கு வேறு தொழில் எதுவும் மனதில் நிற்கவில்லை.

கணிதப் பிரிவு எடுப்பதே முதல் மலையேற்றம். உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் எங்கள் பக்கம் குறைவு. பண்டாரவளைக்குப் போய்த்தான் படித்தேன். காலை ரயிலில் அப்புத்தளையில் ஏறி, தியத்தலாவையைத் தாண்டி, பண்டாரவளையில் இறங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் போனேன். தியத்தலாவை என்றால் இராணுவ முகாம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதே ஊரில் நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனமான நில அளவை மற்றும் படமாக்கல் நிறுவனம் இருக்கிறது என்பதை ஓர் ஆசிரியர்கூடச் சொன்னதில்லை. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் காலத்தில் எங்கள் பிள்ளைகளில் யாரும் அந்த வாசலுக்குப் போனதில்லை. போகாத வாசலைப் பற்றி அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

2019 ஓகஸ்டில் உயர்தரம் எழுதினேன். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை வாங்கி, அண்ணாவும் நானும் உட்கார்ந்து விருப்ப வரிசையை நிரப்பினோம். மேலே பொறியியல், அதற்குக் கீழே பௌதிக விஞ்ஞானம். பிறகு 'அளவை' என்ற சொல்லைத் தேடி, மொரட்டுவைக்குரிய கணிய அளவையியலைக் கண்டுபிடித்து, "இதுதான் சர்வேயிங்" என்று முடிவுகட்டி எழுதினோம். இன்னும் சில பக்கங்கள் புரட்டியிருந்தால் 'நில அளவை விஞ்ஞானம், சப்ரகமுவ பல்கலைக்கழகம்' என்ற வரியைப் பார்த்திருப்போம். நாங்கள் புரட்டவில்லை.

கணிய அளவையியல் என்பது கட்டிட வேலைக்கு எவ்வளவு கல், எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கூலி என்று கணக்கிட்டு ஒப்பந்தச் செலவைக் கட்டுப்படுத்தும் தொழில். நல்ல தொழில்தான். ஆனால் நான் தேடியது அதுவல்ல. நில அளவை என்பது எல்லையையும் உயரத்தையும் இடத்தையும் அளந்து வரைபடமாக்கும் தொழில். ஆங்கிலத்தில் இரண்டின் பெயரும் ஒரே சொல்லில் முடிவதால், எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இந்தக் குழப்பத்தில் நான் ஓர் ஆண்டை இழந்தேன். பணத்தையும் இழந்தேன். அனுமதி முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில், நகரத்தில் ஒரு தனியார் நிறுவனம் 'சர்வேயிங் டிப்ளோமா' என்று பதாகை தொங்கவிட்டிருந்தது. அப்பா சீட்டுப் பணத்தில் 15,000 ரூபா எடுத்து முதல் தவணை கட்டினார். ஆறு வகுப்புகள் நடந்தன. ஆறிலும் செங்கல் கணக்கு. கருவியை எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டேன். பிறகு பார்க்கலாம் என்றார்கள். 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் வந்து வகுப்பும் நின்றது.

முடக்கம் தளர்ந்ததும் ஜூலையில், அப்பா தொழிற்சாலையில் லீவு போட்டு, திருவிழாவுக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையோடு என்னைத் தியத்தலாவையிலுள்ள அந்தப் பயிற்சி நிறுவனத்துக்குக் கூட்டிப்போனார். ரயிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா பேச்சுவாக்கில் சொன்ன தகவல்தான் காரணம். அவருடைய கணவர் அங்கே வாகனச் சாரதியாம். வாசற்காவலர் எங்களை நிறுத்தி வைத்தார். அரை மணி நேரம் கழித்துத் தமிழ் பேசும் ஓர் உத்தியோகத்தர் வெளியே வந்தார். டிப்ளோமா பற்றுச்சீட்டைக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, "தங்கச்சி, இது வேறு படிப்பு" என்றார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது.

அந்த மனிதர் எங்களை ஒரு வாங்கில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் விளக்கினார். 1800இல் தொடங்கிய திணைக்களம் இது என்றார். எங்கள் ஆட்கள் இந்த மலைகளுக்கு வருவதற்கு முன்பே தீவை அளக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அவர் சொன்னதில் முக்கியமானது இதுதான்: எங்கே படித்தாலும், அந்தப் படிப்பு உன்னை உரிமம் பெற்ற நில அளவையாளராக ஆக்குமா என்று முதலில் கேள். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி, நில அளவைச் சபையில் பதிவு செய்து, ஆண்டுதோறும் தொழில் உரிமம் வைத்திருப்பவர்தான் தனியாகக் காணி அளந்து பிளானில் கையெழுத்திட முடியும். பதாகையில் என்ன எழுதியிருந்தாலும், அந்தப் பதிவுக்கு ஏற்றுக்கொள்ளப்படாத சான்றிதழை வைத்துக்கொண்டு எல்லைக்கல் நட முடியாது.

அடுத்து வழிகளைச் சொன்னார். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் புவிசார் தகவலியல் பீடத்தில், அதாவது ஜியோமெட்டிக்ஸ் பீடத்தில், நான்கு ஆண்டு நில அளவை விஞ்ஞானப் பட்டம். அரச பல்கலைக்கழகம் என்பதால் கற்கைக் கட்டணம் இல்லை. தியத்தலாவை நிறுவனமும் நில அளவை விஞ்ஞானப் பட்டம் கற்பிக்கிறது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் சூரியவெவ தெற்கு வளாகத்திலும் இதே பட்டம் உண்டு, ஆனால் சீருடை அணியாத மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டதும் அப்பாவும் நானும் அந்த வழியைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளில் படவரைஞர் பயிற்சி எடுத்துவிட்டு அளவை அலுவலகங்களில் வேலைக்குச் சேர்பவர்களும் இருக்கிறார்கள். பிழைப்புக்கு அது நேர்மையான வழி. பிளானில் கையெழுத்திடும் உரிமை மட்டும் அதில் கிடைக்காது.

"பெலிஹுல்ஓயா எங்கே இருக்கிறது, ஐயா?" என்று அப்பா கேட்டார். "உங்கள் வீட்டிலிருந்து பெரகலைச் சந்திக்கு இறங்கி, பலாங்கொடை பஸ்ஸில் ஏறினால் அதே வழியில்தான்" என்றார். அப்பாவுக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும். சந்தியிலிருந்து மறுபக்கம் கொஸ்லந்தைக்குப் போகும் வழியில்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயன்களை மூடிய இடம். அப்பா அன்று மண் அகற்றப் போனவர்களில் ஒருவர். எங்கள் ஊர்களில் சரிவையும் நீர் இறங்கும் வழியையும் துல்லியமாக அளந்து வைக்கும் ஆட்கள் தேவை என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் விண்ணப்பம் ஏற்கனவே மூடியிருந்தது. நல்லவேளையாக, உயர்தரத்தை இரண்டாம் முறை எழுதுவதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தேன். 2020 பரீட்சை கொரோனாவால் ஒக்டோபருக்குத் தள்ளிப்போனதால் எனக்கு மூன்று மாதம் கிடைத்தது. பிறகு முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளிகள், அதாவது அனுமதி கிடைக்கத் தேவைப்பட்ட குறைந்தபட்சப் புள்ளிகள், வெளிவந்தபோது பார்த்தேன். நில அளவை விஞ்ஞானத்துக்கு எங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி என்னுடைய முதல் பெறுபேற்றுக்குக் கீழே இருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் அப்போதே போயிருப்பேன். அன்று இரவு சாப்பிடவில்லை.

இதனால்தான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறேன். அனுமதியில் நாடு தழுவிய திறமைக்கு 40 சதவீதமும் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு 55 சதவீதமும் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதமும் போகின்றன. பதுளையும் நுவரெலியாவும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. ஒரே இசட் புள்ளி, அதாவது அனுமதிக்காகக் கணக்கிடும் உயர்தரப் புள்ளி, கொழும்பில் ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் எடுபடும். பெயர் கேள்விப்படாத பாடநெறி என்பதற்காக அதை வரிசையில் விடாதீர்கள். முந்திய ஆண்டு வெட்டுப்புள்ளியை உங்கள் மாவட்டத்துக்குப் பார்த்து, கைநூலின் கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் படியுங்கள்.

இரண்டாம் முறை விண்ணப்பத்தில் வேறொரு தலைவலி. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்கு இந்தக் கதை இருக்கிறது. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பிரதேச செயலகத்துக்கு நான்கு நடை. சாதாரணதரம் முடிந்த கையோடு இதைத் திருத்தி வையுங்கள். கடைசி வாரத்தில் செய்ய முடியாது.

2022இல் பல்கலைக்கழகம் போனேன். எரிபொருள் இல்லாமல் பஸ்கள் ஓடாத ஆண்டு அது. பெரகலையில் மூன்று மணி நேரம் பெட்டியோடு நின்று, மரக்கறி லொறியில் போய் இறங்கினேன். சமனலவெவ நீர்த்தேக்கம் கீழே தெரியும் அந்த வளாகத்தில், தமிழ் மூலம் படித்துவிட்டு ஆங்கில மூலம் விரிவுரை கேட்ட முதல் ஆறு மாதம் கடினமாகத்தான் இருந்தது. சிங்களத் தோழிகள் குறிப்புகளைக் கொடுத்தார்கள், நான் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். மகாபொல புலமைப்பரிசில் பணத்தில் சாப்பாடு ஓடியது. களவேலையில் முக்காலி தூக்கி மலை ஏறும்போது மட்டும் நான்தான் எல்லோருக்கும் முன்னால் போனேன்.

ஒரு விரிவுரையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1999இல் வந்த இலங்கையின் ஆள்கூற்று முறையில், அதாவது ஒவ்வோர் இடத்தையும் எண்களால் குறிக்கும் முறையில், தொடக்கப் புள்ளியாகப் பிதுருதலாகலை மலையை வைத்து, அந்த மலைக்கே கிழக்கு எண் 500,000 மீட்டர், வடக்கு எண் 500,000 மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு மூலையும், காலியில் ஒரு கிணறும், எங்கள் நுவரெலியா மலையிலிருந்து எண்ணிவைக்கப்பட்டவை. வகுப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இப்போது இறுதியாண்டு. போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா பழைய சந்தேகத்தை எடுத்தார். எங்கள் 7 பேர்ச் துண்டின் சரிவான பக்கத்தை நாடா பிடித்து அளந்தால் 62 அடி வருகிறது, பிளானில் 17.1 மீட்டர்தான், அதாவது 56 அடி, ஆறு அடியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. லயத்தில் பாதிப் பேருக்கு இதே மனக்குறை இருக்கிறது. பிளானில் காட்டுவது சரிவின் நீளமல்ல, மட்டமான நீளம் என்று வாயால் சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை. மட்டக்கோலையும் தூக்குக்குண்டையும் எடுத்தேன். மேல் முளையில் நாடாவின் ஒரு முனையை அப்பா தரையோடு பிடிக்க, நான் மறுமுனையைக் காற்றில் மட்டமாக நீட்டி, குண்டை இறக்கி, விழுந்த இடத்தில் குச்சி நட்டேன். அங்கிருந்து மறுபடி. படிக்கட்டு இறங்குவதுபோல ஏழு தரம் இறங்கி, கீழ் முளையைத் தொட்டோம். கூட்டிப் பார்த்தால் 56 அடி, அதற்கு மேல் ஓர் அங்குலம்.

அப்பா அந்த ஏழு குச்சிகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "வா, பெரியம்மாவின் துண்டையும் அளந்து காட்டிவிட்டு வருவோம்" என்று முன்னால் நடந்தார்.