கை கிரைண்டர் மேஜைக்கு மோட்டார் போடும்போது

மண்டபம், பாம்பன் பக்கம் போட் எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறையில் கையால் ஓட்டும் சர்ஃபேஸ் கிரைண்டர் (சுழலும் கல்லின் அடியில் மேஜையை ஓட்டி வேலையைத் தட்டையாகத் தேய்க்கும் இயந்திரம்) இருந்தால், மோட்டார் போட வேண்டியது மேஜையின் நீள ஓட்டத்துக்கு மட்டும். குறுக்கு ஓட்டம் கையிலேயே இருக்கட்டும். அதைத் திருப்பி யாருக்கும் தோள் வலிக்காது.

கைச்சக்கரத் தண்டிலேயே மோட்டாரைக் கோத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். தேய்ந்த ரேக் (மேஜையடியில் உள்ள பல்சட்டம்) பல்லுக்குப் பல் மேஜையை உதைக்கும். அது வேலைப்பரப்பில் சம இடைவெளிக் கோடாக விழும். 15 மி.மீ. அகல 5எம் (பல் இடைவெளி 5 மி.மீ.) டைமிங் பெல்ட்டின் இரு முனையையும் மேஜையின் இரு கோடியில் இறுக்குங்கள். நடுவில், மேஜையைத் தாங்கும் சேடிலில், 24 பல் புல்லி. இருபுறமும் ஒவ்வொரு ஐட்லர் (பெல்ட்டைப் புல்லியோடு அணைக்கும், சும்மா சுழலும் உருளை). புல்லியை அதை ஓட்டும் தண்டோடு பூட்ட ஒரு பின் வையுங்கள், உருவினால் மேஜை கைக்கு வரும். மோட்டாரில் ஓட்டும்போது ரேக்கோடு பிணைந்த பினியனை (சிறு பல்சக்கரம்) விலக்க வழியில்லாவிட்டால் கைச்சக்கரமும் கூடவே சுற்றும். கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் மணிக்கட்டைப் பதம் பார்க்கும்.

புல்லி ஒரு சுற்றுக்கு 120 மி.மீ. 1440 சுற்று மோட்டாருக்கு 20:1 கியர்பாக்ஸ் போட்டால் நிமிடத்துக்கு 72 சுற்று, அதாவது சுமார் 8.6 மீட்டர். அரை எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் போதும். சிங்கிள் பேஸில் ஓடும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) 230 வோல்ட்தான் தரும்; ஆகவே மோட்டாரை டெல்டாவில் இணைக்க வேண்டும்.

திரும்பும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேஜை வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரத்தை விஎஃப்டியில் 0.3 வினாடி வைத்தால், கோடிக்கு வந்ததை உணரும் சென்சார் தொட்ட பிறகும் மேஜை 22 மி.மீ. ஓடும். வேலை கல்லை விட்டு விலகிய பின்பே சென்சார் தொட வேண்டும். அதற்கப்பால் 22 மி.மீ., அதையும் தாண்டி லிமிட் சுவிட்ச். லிமிட் சுவிட்ச் மோட்டாரின் கட்டுப்பாட்டை நேராக அறுக்க வேண்டும், ரிலேயை நம்பக் கூடாது. திசை மாற்ற ஒரு ரிலே போதும்: வலது சென்சார் அதைப் பிடிக்கும், இடது சென்சார் விடும். கரண்ட் போய் வந்தால் மேஜை தானே ஓடாதபடி, ஸ்டார்ட் பட்டனைத் தானே பிடித்துக்கொள்ளும் கான்டாக்டர் வழியாக வையுங்கள்.

இரும்பு அருகில் வந்தாலே உணரும் இண்டக்டிவ் சென்சாரின் முகத்தில் இரும்புத் துகள் ஒட்டினால் அது பொய்யாகத் தொடும். முகத்தைக் கீழ்நோக்கி வைத்து மேலே தகடு மூடுங்கள். சென்சார் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே குழாயில் போகக் கூடாது.

உப்புக்காற்றுக்கு விஎஃப்டியை ரப்பர் விளிம்புள்ள பெட்டிக்குள் அடைக்க வேண்டும். அப்படி அடைத்தால் சூடேறும், அதனால் பெரிய பெட்டியாக எடுங்கள். கூலன்ட்டில் உப்பேறிய போர் தண்ணீரைக் கலந்தால் எண்ணெய் திரிந்து தனியே மிதக்கும், வேலையைப் பிடிக்கும் மேக்னடிக் சக் மறுநாளே துருப்பிடிக்கும். காவிரிக் குழாய்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ பிடித்து வையுங்கள்.