கதவில் ஒட்டிய தாள்

2020 மே முதல் வாரம், கொரோனா காலம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரிக் காட்டு ஊர் ஒன்றில், பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீட்டு வாசலில் பசை வாளியோடு நின்றிருந்தேன். கடலூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளர் வேலை எனக்கு. அந்த வீட்டுப் பையன், தொற்று பரவியிருந்த சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவன். காய் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்து ஊருக்கு வந்திருந்தான். தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று அச்சிட்ட தாளைக் கதவில் ஒட்டி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்.

அவன் அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்க ஒட்டிட்டுப் போயிடுவீங்க சார். நாளைக்குச் சொசைட்டியில எங்க மாட்டுப் பால ஊத்திக்குவாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்றெல்லாம் படிவத்தில் கட்டம் இருந்தது. கறவை மாடு உண்டா என்று அதில் கேட்கவில்லை. மறுநாள் பால் கூட்டுறவு சொசைட்டியில் அவர் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மே 4-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கப் பதிவான புதிய தொற்று 527. அதில் கடலூர் மாவட்டத்துக்கு மட்டும் 122. பெரும்பாலானவர்கள் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று வி.ஏ.ஓ., ஊராட்சிச் செயலர், செவிலியர், நான் என்று வீடு வீடாக அலைந்தோம். முதல் இரண்டு நாள் ஆட்களே எங்களைத் தேடி வந்து பெயர் கொடுத்தார்கள். பச்சைக் கதவில் தாள் ஏறி, பால் திரும்பிய செய்தி பரவியதும் ஒருவரும் வரவில்லை. அதற்குப் பதில் போன் வந்தது. எதிர் வீட்டுக்காரர் பெயரை அண்டை வீட்டார் சொன்னார்கள்.

அப்படி வந்த ஒரு போனை நம்பி விடியற்காலையில் முந்திரித் தோப்புக்குள் போனோம். நாலு பையன்கள் கோரைப் பாயில் படுத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தூக்குவாளி, எரிந்து முடிந்த கொசுவத்தி, கைலியில் சுற்றிய ஒரு செல்போன். ஒருவனுக்கு உடம்பு கொதித்தது. "எத்தனை நாளாப்பா காய்ச்சல்?" என்றேன். "காய்ச்சல் இல்ல சார், வெயில்ல வந்த சூடு" என்றான். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த நேரம்தான். ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு என்ன வெயில்? அவனைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்து வந்தான். இன்னும் இரண்டு நாள் அங்கேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. நோய்க்குப் பயந்து அவர்கள் தோப்புக்குப் போகவில்லை. நான் கையில் வைத்திருந்த தாளுக்குப் பயந்து போனார்கள்.

ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்லை, சொன்னால் கேட்பதில்லை என்று கூட்டங்களில் அடிக்கடி பேசினோம். நானும் பேசியிருக்கிறேன். இப்போது அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரலில், ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும் அரிசியும் கொடுத்தபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் குடை பிடித்துக்கொண்டு அமைதியாக நின்றார்கள் அதே ஜனங்கள். தன் பங்கு எங்கும் போகாது என்று தெரிந்தால் ஒருவரும் முண்டியடிப்பதில்லை.

நாடு முழுக்க 21 நாள் அடைப்பு என்று மார்ச் 24 இரவு 8 மணிக்குச் சொல்லி, நள்ளிரவில் கதவைச் சாத்தினார்கள். நாலு மணி நேரம். ஏப்ரல் 26 முதல் சென்னையில் முழு அடைப்பு என்றதும் முந்தைய நாள் கடைத்தெருக்களில் கூட்டம் நெரிந்தது. மே 5-இல் கோயம்பேடு மூடப்பட்டது. அங்கே அன்றாடக் கூலிக்குப் படுத்து எழுந்தவனுக்கு வேலையும் போச்சு, படுக்க இடமும் போச்சு. ஊரைத் தவிர வேறு எங்கே போவான்? 2021-இலும் இதேதான். மே 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு என்று 22-ஆம் தேதி அறிவித்து, ஒன்றரை நாள் எல்லாக் கடைகளையும் திறந்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் மைக் பிடித்து நின்றேன். தள்ளி நில்லுங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மனிதர்கள் தள்ளி நிற்க அங்கே இடமே இல்லை. தொற்றைக் குறைக்கப் போட்ட உத்தரவு, அது அமலுக்கு வருவதற்கு முந்தைய நாளிலேயே கூட்டத்தைக் கூட்டிவிட்டது.

கடலூர்க்காரர்களுக்கு வீட்டுக்குள் இருக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறது என்பதைக் கேட்டே வலையைச் சுருட்டுகிற ஊர் இது. 2011 தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது 24-ஆம் தேதி மதியம் 1 மணியோடு பஸ்ஸை நிறுத்தினார்கள். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை, ஒரு போலீஸ்காரரும் தடி எடுக்கவில்லை. நாலு நாள் முன்பிருந்தே சேதி வந்துகொண்டிருந்தது. முகாமில் சாப்பாடும் பாயும் தயாராக இருந்தன. கையில் முகக்கவசத்தோடு கிழவிகள் தாமாகவே நடந்து வந்தார்கள். புயல் இரண்டு நாளில் போய்விடும், தொற்று போகாது, அது உண்மைதான். ஆனாலும் எத்தனை நாள், எங்கே போவது, சோற்றுக்கு என்ன வழி என்ற மூன்றுக்கும் அங்கே முன்கூட்டியே பதில் இருந்தது.

உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தனியாக உத்தரவிட்டால் ஒழிய வீடுகளில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே எங்கள் பகுதியில் நான் வேலை முறையை மாற்றியிருந்தேன். பாசிட்டிவ் வந்தால் முதலில் சொசைட்டிச் செயலரிடம் பேசுவேன். நோய் இல்லாத உறவுக்காரர் ஒருவர் பால் கறந்து ஊற்ற ஏற்பாடு செய்வோம். மளிகைச் சாமானைத் தன்னார்வலர் பையன்கள் வாசலில் வைப்பார்கள். அதன் பிறகுதான் படிவம்.

2021 மே மாதம் ஒரு நாள் இரவு பச்சைக் கதவு அம்மாவிடமிருந்து போன். "சார், எங்க நாத்தனாருக்கு மூணு நாளா காய்ச்சல், வாசனையே தெரியலங்குது. காலையில வந்து டெஸ்ட் எடுத்துடுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வேனை மட்டும் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டு வாங்க சார்" என்றார்.

அய்யனார் கோயில் திருப்பத்தில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்வாப் பெட்டியை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நானும் லேப் டெக்னீஷியனும் நடந்து போனோம்.