பனிவரகு விதைத்த பாட்டு

ஈஸ்டருக்கு மறுநாள் காலை பால் வாங்கக் கீழே இறங்கினால், பக்கத்து பிளாக் பொடியன் ஒருத்தன் ஒரு பாட்டில் தண்ணீரை என் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடுகிறான். 2018 ஏப்ரல் 9, உக்ரைனில் டெர்னோபில் நகரம். கோட்டைக் கழற்ற இன்னும் மனசு வராத நேரம். வாயில் நல்ல தமிழ் வந்தது, பெஞ்சில் இருந்த பாட்டிகள் சிரித்த சிரிப்பில் விழுங்கிக்கொண்டேன். ஈஸ்டர் திங்களன்று பையன்கள் பெண்கள் மேல் தண்ணீர் ஊற்றுவது மேற்கு உக்ரைனில் வழக்கமாம். நம்ம மஞ்சள் நீராட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி. மாமன் மகனைக் குடத்தோடு துரத்திய பாவமெல்லாம் இங்கே வந்து தீர்கிறது போல.

முந்தைய நாள் தேவாலய முற்றத்தில் பார்த்ததைச் சொல்லத்தான் வந்தேன். பனி உருகும்போது வசந்தத்தைக் கூப்பிட்டுப் பாடும் பாட்டுகளுக்கு வெஸ்னியாங்கி என்று பெயர். இந்தப் பக்கம், கலிசியா என்ற இந்த வட்டாரத்தில், ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பாடி ஆடுவார்கள், அதை ஹாஹில்கி என்கிறார்கள். மேளம் கிடையாது, வாத்தியம் கிடையாது, தொண்டை மட்டும்தான். கைகோத்து வளைந்து வளைந்து போகும் 'கிரிவி தானெட்ஸ்' என்ற ஆட்டமும் உண்டு, அதில் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

பனிவரகு ஆட்டம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கும். ஒரு வரிசை முன்னால் நடந்து வந்து, நாங்கள் பனிவரகு விதைத்தோம் என்று பாடிவிட்டுப் பின்வாங்கும். எதிர் வரிசை வந்து, குதிரையை விட்டு மிதிப்போம் என்று மிரட்டும். குதிரையைப் பிடித்துக் கட்டுவோம் என்று விதைத்தவர்கள், மீட்டுக்கொள்வோம் என்று மிதிக்க வந்தவர்கள், என்ன தருவாய் என்று மறுபடி விதைத்தவர்கள், இப்படியே பேரம் நீளும். பணம் தருகிறேன் என்றால் வேண்டாமாம், பெண்தான் வேண்டுமாம். கடைசியில் ஒருத்தி வரிசை மாறுகிறாள். எங்களில் ஒன்று குறைந்தது என்று பெண்ணைக் கொடுத்தவர்கள் பாட, எங்களில் ஒன்று கூடியது என்று விதைத்தவர்கள் பாட, நடுவில் கைதட்டும் கூட்டத்துக்கு ஒரே குஷி. சும்மா வேடிக்கை பார்த்த என்னை மிதிக்க வந்தவர்கள் வரிசையில் இழுத்து நிறுத்தி, அடுத்த சுற்றிலேயே எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் போனேன். ஆனால் அந்தக் குறைந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தபோது, ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு நான் இல்லாமல் எடுத்த குடும்ப போட்டோ ஞாபகம் வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

மற்றபடி செட்டில் ஆகிவிட்டேன். போர்ஷ் என்கிற பீட்ரூட் சூப் பிடிக்கிறது, டிராலிபஸ்ஸில் தூங்கக்கூட வருகிறது. நேற்று பாத்திரம் கழுவும்போது பனிவரகுப் பாட்டைத்தான் முணுமுணுத்தேன், இரண்டாவது அடியிலேயே மெட்டு எங்கள் தெரு முளைப்பாரிக் கும்மிக்குப் போய்விட்டது. கேரளத்து ரூம்மேட் எட்டிப் பார்த்து, "சேச்சி, இது அந்தப் பாட்டு இல்லையே" என்றாள்.