வெளியே விட்ட நூல்

அறுவையின் முடிவில், கருக்குழாயைக் கட்டிய நூலின் நுனியைக் காயத்தின் கீழ்முனையில் வெளியே விட்டுத் தைத்திருக்கிறார். அமெரிக்க அறுவை மருத்துவர் எஃப்ரைம் மெக்டவல் 1817இல் வெளியிட்ட அறிக்கையில் இன்று என்னை நிறுத்திய வரி இது.

1809 டிசம்பர். கென்டக்கியின் டான்வில் ஊர். சினைப்பைக் கட்டியோடு 60 மைல் குதிரையில் வந்திருந்தார் ஜேன் டாட் க்ராஃபோர்ட். வலி தெரியாமல் அறுக்க ஈதர் மயக்க மருந்து வர இன்னும் 37 ஆண்டு.

இடப்பக்கம் 9 அங்குலக் கீறல். குடல் மேசைமேல் சரிந்தது. கட்டியோ முழுதாக வெளியே வராத அளவுக்குப் பெரிது. முதலில் கருப்பையருகே கருக்குழாயை நூலால் இறுக்கினார். பிறகு கட்டியைத் திறந்து 15 பவுண்டு கூழை எடுத்தார். கடைசியில் குழாயை அறுத்து ஏழரைப் பவுண்டு எடையுள்ள கட்டியின் பையையும் எடுத்தார்.

மொத்தம் சுமார் 25 நிமிடம்.

தைக்கும் முன் அவரை இடப்பக்கம் சாய்த்து, உள்ளே தேங்கிய ரத்தத்தை வடியவிட்டார். காயம் சீழ்பிடிக்கக் கிருமிதான் காரணம் என்று அறியப்படாத காலத்தில்!

மெக்டவலின் துணிச்சலை மட்டும் பேசுகிறவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள். முழு நினைவோடு, பைபிளின் சங்கீதங்களைச் சொல்லியபடி படுத்திருந்தவர் ஜேன்.

5ஆம் நாள் மருத்துவர் பார்க்கப் போனபோது, தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாராம். அதன்பின் 32 ஆண்டு வாழ்ந்தார்.