உப்புவெளியில் பொப்பி முளைக்க வைத்த கதை

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போகும்போது உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் மயானம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீடு அதற்குக் கிட்டத்தில் இருப்பதால் அந்த வெள்ளைக் கற்களின் வரிசை எனக்குச் சிறு வயதிலிருந்தே பழகிய காட்சிதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் நடுப்பகுதியில் மழை விட்ட ஒரு பின்னேரம் உள்ளே நடந்தபோது, ஒரு கல்லின் அடியில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த சிவப்புக் கடதாசிப் பூ ஊறி, அதன் சாயம் கல்லில் கோடாக இறங்கியிருந்ததைக் கண்டேன். அது பொப்பிப் பூ என்று எனக்குத் தெரியும். உண்மையான பொப்பியை ஒருநாளும் கண்டதில்லை என்பது அப்போதுதான் மனதில் பட்டது.

இந்தப் பூவுக்கு எங்கள் நாட்டில் ஒரு பழைய வழக்கும் உண்டு. பிரித்தானியர் ஆண்ட காலத்தில், போரில் இறந்த படையினரின் நினைவாக நவம்பர் 11ஆம் திகதி விற்கப்பட்ட பொப்பிப் பூவின் பணத்தில் பெரும்பங்கு பிரித்தானியப் படையினருக்கே போகிறது என்று சொல்லி, 1930களில் இலங்கை இளைஞர்கள் அதே நாளில் ‘சூரியமல்’ விற்றார்கள். சூரியமல் என்பது எங்கள் வேலியில் கேட்பாரற்று நிற்கும் பூவரசின் பூதான். பூவரசந்தடியை நட்டால் அது தானாகவே துளிர்த்துவிடும். பொப்பியோ என்னிடம் மூன்று மாரி கேட்டது.

விதை வந்தது நுவரெலியாவிலிருந்து. அண்ணியின் பெற்றோர் வீட்டு முற்றத்தில் சிவப்புப் பொப்பி ஆண்டுதோறும் பூப்பதாகக் கேள்விப்பட்டு, காய்ந்த காய்கள் சிலவற்றை ஒரு கடித உறையில் போட்டு அனுப்பும்படி கேட்டிருந்தேன். உறை கையில் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, இது எந்தப் பொப்பி என்று உறுதிப்படுத்திக்கொண்டதுதான். அபின் எடுக்கும் பொப்பியை வளர்ப்பது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அழகுக்காக வளர்த்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அபின் பொப்பியின் இலை மயிரில்லாமல், நீலம் படிந்த சாம்பல் பச்சையாக, தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். வயல்களில் தானாக முளைக்கும் சிவப்புப் பொப்பிக்கோ தண்டெல்லாம் மயிர் இருக்கும், இலை ஆழமாகக் கீறுபட்டிருக்கும், காயும் சிறியது. அண்ணி அனுப்பிய படங்களில் மயிர் தெளிவாகத் தெரிந்த பிறகே உறையைப் பிரித்தேன்.

முதல் ஆண்டு செய்த பிழைகளை இப்போது எண்ணினால் எதையும் சரியாகச் செய்யவில்லை என்றே படுகிறது. செப்டெம்பரில் விதைத்தேன். கச்சான் காற்று ஓய்ந்திருந்தாலும் வெயில் குறையாத மாதம் அது. பயற்றையும் வெண்டியையும் போடுவதுபோல் விரலால் குழி கிண்டி, விதையைத் தூவி, மண்ணால் மூடி, கிணற்று நீரை வாளியால் ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஒக்டோபர் முடிவில் மாரி தொடங்கியபோது பாத்தியே கரைந்து ஒழுங்கை வரை ஓடிப்போயிற்று.

பிறகுதான் தேடி வாசித்தேன். பொப்பி விதை ஒரு மில்லிமீற்றரையும் எட்டாதது. ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தாயிரம் விதைகள் இருக்கும். இவ்வளவு சிறிய விதைக்குள் மண்ணைத் துளைத்து மேலே வருவதற்கான சேமிப்பு இல்லாததால், தான் மேற்பரப்பில் கிடக்கிறதா என்பதை அது ஒளியைக் கொண்டே அறிகிறது. ஒளி படாவிட்டால் பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கும். முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் நிலம் குண்டுகளால் புரட்டப்பட்டபோது அப்படி உறங்கிய விதைகள் வெளிச்சம் கண்டு முளைத்ததால்தான் இந்தப் பூ போரின் அடையாளமாயிற்று. அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று நான் குறைப்பட்டிருக்கிறேன். இரண்டாவது காரணம் விதையின் உள்ளே இருந்தது. தாய்ச்செடியை விட்டு விழும் விதையில் கரு முழுதாக வளர்ந்திருப்பதில்லை. நீரை உறிஞ்சிக்கொண்ட பிறகு உள்ளேயே மேலும் வளர்ந்துதான் வேரை வெளியே விடும். அந்த வளர்ச்சிக்குக் குளிர்ச்சியும், பகலுக்கும் இரவுக்கும் இடையில் வெப்ப வேறுபாடும் உதவுகின்றன. எங்கள் ஊரில் ஜனவரியில்கூட இரவு வெப்பம் 24 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். பகலும் அதைவிட நாலைந்து பாகைதான் கூட. இந்த இரண்டையும் நான் வீட்டிலேயே உண்டாக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் ஆண்டு முயற்சி விதைக்கும் கட்டத்துக்கே வரவில்லை. விதைகளை ஒரு சிறிய போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு ஆட்கள் வந்த ஒரு மத்தியானம், அம்மா அதைக் கசகசா என்று நினைத்துச் சர்பத்துக்காகத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவும் இயலாது. தமிழ்நாட்டில் கசகசா என்றால் பொப்பி இனத்தின் விதையேதான். எங்கள் பக்கத்தில் அதே பெயரால் சர்பத்துக்கும் பலூடாவுக்கும் போடுவது துளசி வகையின் விதை. அது ஊறினால் வழுவழுப்பான உறை கட்டிப் பருக்கும். “பிள்ளை, இந்தக் கசகசா அரை மணித்தியாலமாய் ஊறுது, ஒன்றும் பருக்கேல்லை. கடைக்காரன் பழசைத் தந்திட்டான்” என்று அவர் சொன்னபோது நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், அதற்குள் வடித்து ஊற்றியிருந்தார். அண்ணியிடம் மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று. இந்த முறை இரண்டு வெவ்வேறு செடிகளின் காய்களைத் தனித்தனியாக மடித்து அனுப்பியிருந்தார்கள். அது எவ்வளவு பெரிய உதவி என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் ஆண்டு நவம்பர் நடுவில் தொடங்கினேன். கழுவிக் கொதிநீர் ஊற்றி ஆறவைத்த ஆற்று மணலில் ஒரு சிட்டிகை விதையைக் கலந்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரத்துடன், மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று வாரம் வைத்தேன். மணலோடு கலப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: வெறும் விதையைத் தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும், மணலோடு சேர்த்தால் பரவலாக விழும்.

டிசம்பர் 6ஆம் திகதி விதைத்தேன். அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில் தும்புத்தூளும் அரித்த மண்ணும் மணலும் சம அளவில் நிரப்பி, முதலில் நீரில் நிறுத்தி நனையவிட்டு, விதை கலந்த மணலை மேலே தூவி, மூடாமல், ஒரு தட்டையான பலகையால் மெல்ல அழுத்தி மட்டும் விட்டேன். கிணற்று நீரைத் தொடவேயில்லை. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. எங்கள் கிணறும் கோடை முடிவில் உவர்க்கும். தென்னைக்குப் பொறுக்கும் அந்த நீரை ஊசிமுனை அளவான நாற்று பொறுக்காது. கூரைப் பீலியால் விழும் மழைநீரை வாளியில் பிடித்து வைத்துக்கொண்டேன். கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கி, தட்டத்தில் நீரூற்றிக் கீழிருந்தே உறிஞ்ச விட்டேன். மேலிருந்து ஊற்றினால் விதை புதைந்துவிடும் அல்லது ஓரத்தில் ஒதுங்கிவிடும்.

இரவு வெப்பத்துக்கு நான் கண்ட வழி கொஞ்சம் பைத்தியக்காரத்தனமானது. ஒவ்வொரு நாளும் பொழுது பட்டதும் தட்டத்தோடு தூக்கிப்போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மரக்கறி வைக்கும் அறைக்குள் வைப்பேன். காலையில் எடுத்து விறாந்தையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைப்பேன். மரக்கறி எல்லாம் சுளகில் கிடந்து வாடியது. பதினொரு இரவுகள் இப்படிக் கழிந்தன. டிசம்பர் 17 காலை, தட்டத்தை வெளிச்சத்துக்குச் சரித்தபோது, கண்ணாடி இல்லாமல் எனக்குச் சரியாகத் தெரியாத பச்சை நூல்கள் சில மணலுக்கு மேல் நின்றன. வாசிப்புக்கண்ணாடியை எடுத்துவந்து எண்ணினேன்: ஒன்பது. நான்கு நாளில் அது முப்பத்தேழாயிற்று. ஏறக்குறைய இருநூறு விதை தூவியிருப்பேன்.

முளைத்த பிறகுதான் இழப்புத் தொடங்கியது. மாரிக்காலத்து ஈரக்காற்றில் நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து மெலிந்து, காலையில் நின்றது மாலையில் படுத்துவிடும். பூஞ்சை போன்ற கிருமிகளால் வரும் நாற்றழுகல் நோய் இது. வந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, பக்கத்தில் உள்ளதைத்தான் காக்கலாம். விழுந்த நாற்றை மண்ணோடு கரண்டியால் அகற்றினேன். தட்டத்து நீரை அரை மணித்தியாலத்துக்குமேல் நிற்கவிடவில்லை. மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் விறாந்தைப் பக்கம் திருப்பி வைத்தேன். மண்ணின் மேல் கறுவாத் தூளையும் மெல்லியதாகத் தூவினேன். எது பயன்பட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், காற்றுத்தான் பெரும்பங்கு செய்தது என்பது என் எண்ணம். பதினான்கு நாற்றுகள் மிஞ்சின.

அடுத்த அடி என் அவசரத்தால் வந்தது. நான்கு இலை விட்டதும் கத்தரி நாற்றைப் பிடுங்கி நடுவதுபோல் ஆறு நாற்றுகளைப் பெரிய சாடிக்கு மாற்றினேன். பொப்பிக்கு ஒரே ஆணிவேர்; அது நெளிந்தாலோ முனை அறுந்தாலோ செடி எழும்பாது. ஆறும் மூன்று நாளில் போயின. மிகுதி எட்டையும் தொடாமல், கோப்பையின் பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, மண்கட்டி குலையாமல் முழுதாகச் சாடியில் இறக்கினேன். அவற்றில் ஐந்து நின்றன. மறுபடி செய்வதானால் கோப்பையே வேண்டாம். பத்திரிகைத் தாளைக் குழலாகச் சுருட்டி அதில் விதைத்து, குழலோடு புதைத்துவிடுவேன்.

ஜனவரி முழுவதும் செடிகள் தரையோடு இலை பரப்பிக்கொண்டு கிடந்தன. பொப்பி நீண்ட பகலில் பூக்கும் செடி. அதன் சொந்த நிலங்களில் கோடைப் பகல் பதினாறு மணித்தியாலம் வரை நீளும், எங்கள் ஜனவரிப் பகலோ பன்னிரண்டுக்கும் குறைவு. ஆகவே விறாந்தை வளையில் ஓர் எல்.ஈ.டி. மின்குமிழைத் தொங்கவிட்டு, பொழுது படும்போது போட்டு இரவு பத்து மணிக்கு அணைத்தேன். அயல்வீட்டு அக்கா இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, “உங்கட வீட்டில கோழிக் குஞ்சு வளர்க்கிறீங்களோ?” என்று வேலிக்கு மேலால் கேட்டார்.

பெப்ரவரி மூன்றாம் கிழமையில் ஒரு செடி நடுவிலிருந்து மயிர் அடர்ந்த தண்டை விட்டது. மொட்டு தலை குனிந்தே வளரும் என்று வாசித்திருந்தும், நீர் போதாமல் வாடுகிறதோ என்று இரண்டு நாள் பயந்தேன். 25ஆம் திகதி இரவு அது தலை நிமிர்ந்திருந்தது. மறுநாள் காலை ஆறரைக்குப் பார்த்தபோது மொட்டை மூடியிருந்த இரண்டு புல்லிகளும் சாடியின் விளிம்பில் விழுந்து கிடந்தன. இதழ் நான்கும் பெட்டிக்குள் கசங்கிக் கிடந்த பட்டுத் துணியைப்போல் சுருக்கத்தோடு விரிந்துகொண்டிருந்தன. எட்டு மணிக்குள் சுருக்கம் போயிற்று. நுவரெலியாப் படங்களில் உள்ளங்கை நிறைந்திருந்த பூ இங்கே ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் அளவுகூட இல்லை. ஆனாலும் அந்தச் சிவப்புக்கு நான் அறிந்த பூ எதிலும் இணை இல்லை. செவ்வரத்தையின் சிவப்பு கனத்தது, இது வெளிச்சத்தை ஊடே விடுவது. கொசுத்தேனீக்கள் இரண்டு வந்தன. இந்தப் பூவில் தேன் கிடையாது. கருநீல மகரந்தத்தைக் காலில் அப்பிக்கொண்டு போயின. பின்னேரம் மூன்று மணிக்கு வெப்பம் ஏறியபோது இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

அந்தப் பூ காய் கட்டவில்லை. வயல்பொப்பி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. மகரந்தம் ஒட்டும் சூலகமுடி அதை இனங்கண்டு, மகரந்தக் குழாயை வளரவிடாமல் நிறுத்திவிடும். ஆகவே வேறொரு செடி அதே நாளில் பூத்தாக வேண்டும். என்னிடம் இருந்த ஐந்தில் இரண்டு மொட்டே வைக்கவில்லை. மார்ச் 4ஆம் திகதி, முதற்செடியின் இரண்டாவது பூவும், மற்றக் காயின் விதையிலிருந்து வந்த செடியின் முதற்பூவும் ஒரே காலையில் விரிந்தன. மையிடும் மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் முடியில் மாறி மாறித் தடவினேன். பத்து நாளில் இரண்டு காயும் பருத்தன.

மார்ச் இறுதி வெயிலில் செடிகள் ஐந்தும் கருகின. காய்கள் மட்டும் காய்ந்து, மூடியின் கீழ் வட்டமாகத் துளைகள் திறந்து, உப்புப் போத்தலைப்போல் குலுக்கினால் விதை கொட்டும் பதத்துக்கு வந்தன. வெள்ளைத் தாளில் கொட்டி எண்ணத் தொடங்கி, நானூறில் கண் நொந்து நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைத்தேன். அம்மா அதை வாங்கி, ‘சர்பத்துக்கு அல்ல’ என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டி, மரக்கறி அறையின் மூலையில் தாமே வைத்தார்.