சிபியூ போர்ட்டின் கணக்கை வெளியே கொண்டுவந்த கதை

ரவுட்டர் போர்டு ஒன்றில் பாக்கெட் தொலைந்துகொண்டிருந்தது. லேன் போர்ட்டுகளின் கவுண்டர்களில் (எத்தனை வந்தது, போனது என்று எண்ணும் பதிவுகளில்) ஒரு டிராப், அதாவது கைவிடப்பட்ட பாக்கெட், கூட இல்லை, சிபியூ பக்க ஈத்தர்நெட்டிலும் பிழை பூஜ்யம்தான், ஆனால் உள்ளே வந்த எண்ணிக்கைக்கும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கையில் கிடைத்த எண்ணிக்கைக்கும் ஒத்துப்போகவில்லை. மிச்சம் இருந்த ஒரே இடம் ஸ்விட்ச் சிப்பைச் சிபியூவோடு இணைக்கும் உள் போர்ட்.

லினக்ஸில் இந்த மாதிரி ஸ்விட்ச்களை கர்னலுக்குள் இருக்கும் டிஎஸ்ஏ என்ற அமைப்பு கவனிக்கிறது. வெளியே கேபிள் சொருகும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் உண்டு, சிபியூ போர்ட்டுக்கு மட்டும் கிடையாது. ஒரே கம்பியின் இரண்டு முனைகளுக்கு இரண்டு இன்டர்ஃபேஸ் எதற்கு என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான், கவுண்டரை எங்கே போய்ப் பார்ப்பது?

டீபக்எஃப்எஸ்-இல் (கர்னல் உள் விவரங்களைப் பிழை தேடுவதற்காகக் கோப்புகளாகக் காட்டும் இடத்தில்) ஒரு கோப்பு திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம்தான். சொந்த உபயோகத்துக்கு அது போதும், ஆனால் டிரைவருக்கு (வன்பொருளை இயக்கும் நிரலுக்கு) ஒன்றாகத் தனி வழி திறப்பதை நெட்வொர்க் பராமரிப்பாளர்கள் விரும்புவதில்லை. அப்புறம் டிஎஸ்ஏ கோடைப் படித்தபோதுதான் தெரிந்தது, இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. சிபியூ பக்க இன்டர்ஃபேஸில் ஈத்டூல் என்ற கட்டளை கொண்டு புள்ளிவிவரம் கேட்டால், அதன் சொந்தக் கணக்குக்குப் பின்னாலேயே ஸ்விட்ச்சின் சிபியூ போர்ட் கணக்கையும் 'பி05_' மாதிரி போர்ட் எண்ணை முன்னால் ஒட்டி டிஎஸ்ஏவே சேர்த்துத் தரும். (பெயருக்கு மொத்தம் 32 எழுத்து இடம், அதில் 4 இந்த ஒட்டுக்கே போய்விடும், நீளமான பெயர் வைத்தால் வால் அறுபடும்.) எங்கள் டிரைவர் வெளி போர்ட்டுகளுக்கு மட்டும் பதில் சொல்லும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த நிபந்தனையை எடுத்ததும் எண்கள் வந்துவிட்டன.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். சிப்பின் பைட் கவுண்டர் 32 பிட். 1 கிகாபிட் வேகத்தில் அது சுமார் 34 நொடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் அடிக்கடி படித்து, வித்தியாசத்தை 64 பிட் மாறியில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தேவைப்படும் நேரத்தில் நேராகப் படித்துக்கொள்ளலாமே என்றால், வெளி போர்ட்டுகளின் வழக்கமான புள்ளிவிவரத்தைக் கேட்கும் கெட்_ஸ்டாட்ஸ்64 என்ற ஃபங்ஷன் தூங்கக் கூடாத (காத்திருந்து நிற்கக் கூடாத) சூழலில் அழைக்கப்படலாம், சிப்பின் ரெஜிஸ்டர்களைப் படிக்கும் எம்டிஐஓ பஸ்ஸோ மியூடெக்ஸ் (காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்துத் தூங்கித்தான் படிக்கும். வழக்கமான 2.5 மெகாஹெர்ட்ஸில் 16 பிட் படிக்கவே ஏறக்குறைய 26 மைக்ரோநொடி, ஒரு கவுண்டருக்கு இரண்டு முறை, போர்ட்டுக்குப் பல கவுண்டர். எனவே பின்னணியில் ஒரு டிலேய்டு வொர்க் (குறித்த இடைவெளிக்குப் பின் ஓடும் வேலை) எல்லா போர்ட்டையும் படித்துச் சேமிக்கும், கேட்பவருக்கு ஸ்பின்லாக் (தூங்காமல் பிடிக்கும் பூட்டு) பிடித்து அந்த நகல் மட்டும் போகும்.

பேட்ச்சை (இந்த மாற்றத்தை) கர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பப் போனால் மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை மையக் கர்னலில் சேர்க்கும் காலம்), புது அம்சங்களுக்கான நெட்-நெக்ஸ்ட் கிளை மூடியிருந்தது. எரிச்சல்தான், ஆனால் அந்த இடைவெளியில் போர்டையே நன்றாகச் சோதிக்க முடிந்தது. இரண்டு லேன் போர்ட்டிலிருந்து முழு வேகத்தில் ஒரே நேரத்தில் சிபியூவுக்கு அனுப்பினால் உள் போர்ட்டின் வெளியேறும் வரிசையில் டிராப் சரசரவென்று ஏறியது, ஒன்றை நிறுத்தினால் நின்றது. 2 கிகாபிட்டை 1 கிகாபிட் இணைப்புக்குள் திணித்திருக்கிறோம், டிரைவரில் திருத்த ஒன்றுமில்லை.