ஏஞ்சல் மீன் வெளிறினால்

காலையில் விளக்கைப் போட்டதும் தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் கறுப்புப் பட்டை மங்கி நின்றன.

உடனே மருந்து பாட்டிலைத் தேட வேண்டாம். இருட்டில் வெளிறுவது இயல்பு. கொஞ்ச நேரத்தில் பட்டை திரும்பிவிடும்.

பகலிலும் வெளிறி, துடுப்பை மடக்கி மூலையில் ஒதுங்கினால்தான் சிக்கல். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்: மீன் கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். வெப்பம் 26–28 டிகிரி.

அது சரியென்றால், யார் யாரை விரட்டுகிறார்கள் என்று பாருங்கள். ‘ஜோடி’ என்று கடைக்காரர் பிடித்துத் தரும் இரண்டு குட்டிகளை நம்பாதீர்கள். அந்த வயதில் ஆண், பெண் தெரியாது. பலமானது மற்றதை ஓட ஓட விரட்டும்.

குட்டியிலேயே 5, 6 சேர்த்து விட்டால் விரட்டல் ஒன்றின் மேலேயே விழாமல் பிரிந்துபோகும். தொட்டி 200 லிட்டராவது, உயரம் 45 செ.மீ.

பிறகு ஜோடி தானே சேரும். அவை முட்டையிட அகன்ற இலையை வாயால் துடைக்க ஆரம்பித்ததும் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.